கீர்க்கெகார்டின் 'அன்பின் செயல்கள்': ஒரே ஒரு மனிதரை வைத்துப் பத்து வாரப் பயிற்சி, முழுமையான வழிகாட்டி

"உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்ற கட்டளை மனப்பாடமாகத் தெரியாத கிறிஸ்தவர் அநேகமாக இல்லை. ஆனால் நேற்றுப் பத்துப் பேர் முன்னால் நம்மை மட்டம் தட்டிய ஆள் இன்று காலை எதிரே வந்து நிற்கும்போது முதலில் என்ன செய்வது, அடுத்து என்ன செய்வது என்று கேட்டால் பதில் வருவதில்லை. டென்மார்க்கின் தத்துவ அறிஞர் சோரன் கீர்க்கெகார்ட் 1847-இல் வெளியிட்ட 'அன்பின் செயல்கள்' இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. எழுதுவது அன்பைப் பற்றி அல்ல, அன்பின் செயல்களைப் பற்றி என்று முன்னுரையிலேயே அவர் சொல்லிவிடுகிறார்.

புத்தகம் பெரியது. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க உட்காருபவர்கள் பாதியில் மூடிவைத்துவிடுகிறார்கள். முடித்தவர்களிலும் பலர் அதைப் பிறரை அளக்கும் கோலாக ஆக்கிக்கொள்கிறார்கள். இந்த இரண்டும் நேராமல் இருக்கத்தான் கீழே உள்ள வரிசை.

1. தொடங்கும் முன் தேவையானவை

புத்தகம்: ஆங்கிலத்தில் படிப்பவர்கள் ஹோவர்ட் ஹாங், எட்னா ஹாங் தம்பதியரின் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1995-இல் வெளியிட்டது.

வேதாகமம்: பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, பொது மொழிபெயர்ப்பு இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஏன் இரண்டு என்பது 5-ஆம் பகுதியில் தெரியும்.

ஒரு சின்ன நோட்டு. அதை வேறு யாரும் படிக்கக் கூடாது. மற்றவர் கண்ணில் படும் என்று தெரிந்தால் எழுத்து தானாகவே ஒப்பனை போட்டுக்கொள்ளும்.

கடைசியாக, ஒரு மனிதர். வாரம் ஒருமுறையாவது நேரில் பார்க்கிறவர். பார்த்தால் மனம் கொஞ்சம் சுருங்குகிறவர். கூட வேலை பார்ப்பவர், கொழுந்தியாள், மாடிவீட்டுக்காரர், பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்பவர் என்று யாராகவும் இருக்கலாம். பெரிய பகையாளியை எடுக்காதீர்கள். மூன்றாம் நாளே பயிற்சி நின்றுவிடும். உயிருக்குயிரானவரையும் இப்போது எடுக்காதீர்கள். அது அன்பா பழக்கமா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

உங்களை அடிக்கிறவரையோ மிரட்டுகிறவரையோ குழந்தைக்குத் தீங்கு செய்கிறவரையோ தேர்ந்தெடுக்கவே கூடாது. அவரிடமிருந்து விலகிப் பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், சட்டத்தின் உதவியைத் தேடுவதும்தான் அங்கே முதல் வேலை. 'மூடுதல்', 'ஒப்புரவாகுதல்' என்ற பின்வரும் படிகளை அப்படிப்பட்ட வீட்டுக்குள் கொண்டுபோனால், அவை அடிபட்டவரின் வாயை அடைக்கும் துணியாகிவிடும்.

2. எந்த வரிசையில் படிப்பது

நூல் இரண்டு பகுதிகள் கொண்டது. முதற்பகுதியில் ஐந்து அத்தியாயங்கள். அவற்றில் இரண்டாவது மூன்றாகவும் மூன்றாவது இரண்டாகவும் பிரிந்திருக்கும். இரண்டாம் பகுதியில் பத்து. எல்லாவற்றையும் இந்தச் சுற்றில் படிக்க வேண்டாம்.

முதல் வாரம் முன்னுரையும் முதல் அத்தியாயமும். இரண்டாம் வாரம் முதற்பகுதியின் 2-அ. மூன்றாம் வாரம் 2-ஆ, 2-இ. நான்காம் வாரம் நான்காம் அத்தியாயம். பிறகு இரண்டாம் பகுதிக்குத் தாவி, ஐந்தாம் வாரம் முதலாவது, ஆறாம் வாரம் இரண்டாவது, ஏழாம் வாரம் ஐந்தாவது. எட்டாம் வாரம் முதற்பகுதிக்குத் திரும்பி, அங்கே விட்டுவைத்த ஐந்தாம் அத்தியாயம். ஒன்பதாம் வாரம் இரண்டாம் பகுதியின் எட்டாவது, பத்தாம் வாரம் அதன் ஒன்பதாவது.

நாளுக்கு நான்கைந்து பக்கம் போதும், வாய்விட்டுப் படியுங்கள். அவருடைய வாக்கியங்கள் நீளமானவை, சொன்னதையே சுற்றிவந்து சொல்பவை. கண் தாவிவிடும், நாக்கு தாவாது. மெதுவாகப் படித்தால் எளிதாகப் புரியும், அவசரப்பட்டால் கடினமாகிவிடும் என்று முன்னுரையில் அவரே எச்சரிக்கிறார்.

3. முதல் வாரம்: கண்ணாடியை உங்கள் பக்கம் திருப்புங்கள்

அமைதியான ஏரிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஊற்று இருப்பதுபோல, அன்பின் பிறப்பிடம் மறைவானது என்று முதல் அத்தியாயம் தொடங்குகிறது. ஊற்றைத் தோண்டிப் பார்க்க முடியாது. கனியால்தான் அறிய முடியும். ஆனால் 'இதைச் செய்தால் அவனிடம் அன்பு இருப்பது நிச்சயம்' என்று சொல்லத்தக்க செயல் ஒன்றுகூடக் கிடையாது. பசித்தவனுக்குச் சோறு போடுவதையும் பெருமைக்காகச் செய்யலாம். எப்படிச் செய்யப்படுகிறது என்பதுதான் கேள்வி.

'கனிகளால் அறிவீர்கள்' என்பதை நாம் அடுத்த வீட்டு மரத்தை எட்டிப்பார்க்கத்தான் வழக்கமாகப் பயன்படுத்துகிறோம். கீர்க்கெகார்ட் அதை வாசகர் மேலேயே திருப்புகிறார்: உன்னிடம் கனி இருக்கிறதா என்று பார்.

இந்த வாரம் எதையும் மாற்ற முயல வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்தவரோடு பேசிய ஒவ்வொரு முறையும் உங்கள் தரப்பை மட்டும் ஒரு வரி எழுதுங்கள். 'அவர் குத்தலாகப் பேசினார்' என்று எழுதாதீர்கள். 'அவர் பேசி முடிக்கும் முன் குறுக்கிட்டேன்' என்று எழுதுங்கள். புதியவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்: நாலாம் நாளில் நோட்டு அவருடைய குற்றப்பட்டியலாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அந்த வாரத்தை மறுபடி தொடங்குங்கள். இந்தப் பழக்கம் மாறாமல் அடுத்த படிக்குப் போனால், பின்னால் வரும் ஒவ்வொரு படியும் அவரைத் திருத்தும் கருவியாகிவிடும்.

4. இரண்டாம் வாரம்: 'வேண்டும்' என்ற சொல்

கட்டளையில் இருப்பது "அன்புகூருவாயாக" என்பது. 'அன்பு தோன்றினால் கூரு' என்று அது சொல்லவில்லை. உணர்ச்சியைக் கட்டளையிட முடியுமா என்று இந்த இடத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள். கீர்க்கெகார்டின் பதில் தலைகீழானது: அன்பு கடமையாகும்போதுதான் அது மாறாமல் நிற்கிறது, சுதந்திரமாகிறது, மனமுறிவிலிருந்து காக்கப்படுகிறது. தானாக எழும் அன்பு வெறுப்பாகத் திரும்பலாம், பொறாமையாகலாம், பழக்கத்தில் ஆறிப்போகலாம். கடமை இவற்றிலிருந்து அதைக் காக்கிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது: ஒவ்வொரு நாளும் காலை ஜெபத்துக்குப் பிறகு, அவருக்காக அன்று செய்யப்போகும் ஒரே ஒரு செயலை எழுதுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும். காசு செலவாகக் கூடாது. அது அவருக்காகச் செய்தது என்று அவருக்கே தெரிய வேண்டியதில்லை. பெயர் சொல்லி வணக்கம் சொல்வது, அவர் பேசும்போது போனைக் கவிழ்த்து வைப்பது, அவர் தேடிக்கொண்டிருந்த தாளை எடுத்து மேசைமேல் வைப்பது.

காலையிலேயே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் முகத்தைப் பார்த்த பிறகு தீர்மானித்தால், தீர்மானிப்பது அவருடைய அன்றைய முகபாவம், நீங்கள் அல்ல. கீர்க்கெகார்ட் சுதந்திரம் என்று சொல்வது இதைத்தான்.

'உள்ளே ஒன்றுமில்லாமல் செய்வது நடிப்பல்லவா?' என்ற கேள்வி இரண்டாம் நாளே வரும். இல்லாத பாசத்தை இருப்பதாகக் காட்டினால் அது நடிப்பு. இனிக்க இனிக்கப் பேசுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. எழுதிய செயலை மட்டும் செய்யுங்கள். குரலில் தேன் ஊற்ற வேண்டாம்.

5. மூன்றாம் வாரம்: வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தல்

பழைய தமிழ் வேதாகமம் 'பிறன்' என்கிறது. பொது மொழிபெயர்ப்பு 'அடுத்திருப்பவர்' என்கிறது. கீர்க்கெகார்ட் எழுதிய டேனிஷ் மொழியின் சொல்லுக்கு 'மிக அருகில் இருப்பவர்' என்று பொருள். சிந்தனையாளர்கள் 'மற்றவர்' என்று அழைப்பது இவரைத்தான் என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். ஆக நம் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்தால் அவர் சொல்ல வந்தது முழுதாகக் கிடைக்கிறது: நான் அல்லாதவர், ஆனால் எனக்கு மிக அருகில் இருப்பவர். 'பிறன்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆள் தூரமாகிவிடுவார். 'அடுத்திருப்பவர்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் நமக்குப் பிடித்தவராகச் சுருங்கிவிடுவார்.

இந்த அத்தியாயத்தில் ஒரு படிமம் உண்டு. பல தாள்களை எடுத்து ஒவ்வொன்றிலும் வெவ்வேறாக எழுதினால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அதே தாள்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எல்லாவற்றிலும் ஒரே நீர்க்குறி தெரியும். ரூபாய் நோட்டைத் தூக்கிப் பிடித்துக் காந்தி முகம் தெரிகிறதா என்று பார்ப்போமே, அதே வேலை. மேலே அச்சிட்டிருப்பது எதுவாக இருந்தாலும் அந்தக் குறி தாளின் உள்ளேயே இருக்கிறது.

நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, அவர்மேல் எழுதப்பட்டிருப்பதையெல்லாம் எழுதுங்கள்: உத்தியோகம், ஊர், படிப்பு, சபைப் பிரிவு, சாதி, கட்சி, உங்களுக்கு அவர் செய்தது. எதையும் விட வேண்டாம். அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே ஒரே வரி: 'கடவுள் முன் இவர் நிற்கும் இடமும் நான் நிற்கும் இடமும் ஒன்று.' அவரைச் சந்திக்கப் போகும் முன் அந்தக் கீழ்வரியை மட்டும் வாசியுங்கள். மேலே உள்ளதை அழிக்கச் சொல்லவில்லை. எழுத்து அங்கேயே இருக்கும். நீர்க்குறி தெரியாதபடி அது கண்ணை மறைக்காமல் இருந்தால் போதும்.

உலகின் வேறுபாடுகளைத் தளர்வாகத் தொங்கும் மேலங்கிபோல அணியுங்கள் என்கிற அளவில் கீர்க்கெகார்ட் நிற்கிறார். புறச் சமத்துவத்தை உண்டாக்குவது கிறிஸ்தவத்தின் வேலை என்று அவர் எண்ணவில்லை. இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பிரித்து அடக்கம் செய்யும் ஊர்கள் நம்மிடம் உண்டு. நீர்க்குறியைக் கண்டுவிட்டவர் அந்தப் பிரிவினையைப் பார்த்தும் பாராமல் போக முடியாது.

இன்னொன்று: 'உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல' என்ற பாதியை விட்டுவிடாதீர்கள். சுயநலத்தின் பூட்டைத் திறக்கும் கருவி என்று அதை அவர் சொல்கிறார். தன்னை ஒழுங்காக நேசிக்கக் கற்றுக்கொள் என்பதும் அதற்குள் அடக்கம். உப்புச்சப்பில்லாத வேலைகளுக்காக ஓடியோடித் தன்னை வீணாக்குகிறவன் தன்னை நேசிக்கக் கற்கவில்லை என்று எழுதுகிறார். சபைக் காரியங்களுக்காக நாள்தோறும் தூக்கத்தை விடுகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

6. நான்காம் வாரம்: கண்ணால் காண்கிறவரை

"தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" என்ற 1 யோவான் 4:20 தான் இந்த அத்தியாயத்தின் வசனம்.

நாம் பெரும்பாலும் நேசிப்பது, அவர் எப்படி இருக்க வேண்டும் என்று நாமே வரைந்து வைத்த சித்திரத்தை. இந்த இடத்தில் கீர்க்கெகார்ட் பேதுருவைக் காட்டுகிறார். மறுதலித்தவனை இயேசு திரும்பிப் பார்த்தார். 'முதலில் மாறிவிட்டு வா, பிறகு நேசிக்கிறேன்' என்ற நிபந்தனை அந்தப் பார்வையில் இல்லை. அந்த அன்புதான் அவன் மாறுவதற்கு உதவியது.

'அவர் மட்டும் கொஞ்சம்...' என்று மனதுக்குள் தொடங்கும் வாக்கியங்களைப் பிடியுங்கள். 'கொஞ்சம் நேரத்துக்கு வந்தால்', 'கொஞ்சம் வாயை அடக்கினால்'. அவை ஒவ்வொன்றும் சித்திரத்தின் ஒரு கோடு. எழுதிவிட்டு அடித்துவிடுங்கள். அவர் தவறைச் சுட்டிக்காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருந்தால் தாராளமாகக் காட்டுங்கள். அதை அன்புக்கு முன்பணமாகக் கேட்பதுதான் பிழை.

7. ஐந்தாம், ஆறாம் வாரங்கள்: அன்பு இருப்பதாகவே எடுத்துக்கொண்டு நடத்தல்

"அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்று 1 கொரிந்தியர் 8:1-ஐப் படித்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியாமல் போகிறது: மூலச் சொல் வீடு கட்டும் வேலையிலிருந்து வந்தது. அஸ்திவாரத்திலிருந்து எழுப்புதல் என்பது அதன் பொருள். இந்தப் பொருளை வைத்துத்தான் கீர்க்கெகார்ட் அந்த அத்தியாயம் முழுவதையும் எழுப்புகிறார்.

அவர் வாதம் இது. இன்னொருவருடைய இதயத்தில் அன்பை நாம் ஊன்ற முடியாது. அது கடவுளின் வேலை. நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: அவருக்குள் அஸ்திவாரம் ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொண்டு நடப்பது. கெட்ட குமாரனின் தகப்பனைப் போல. தன் மகன் கெட்ட குமாரன் என்று அறியாதவர் ஒருவேளை அந்தத் தகப்பன் ஒருவர்தான் என்கிறார்.

நோட்டின் பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் தெரிந்த உண்மை மட்டும். வலப்பக்கம் அதற்கு நீங்கள் சொல்லிக்கொண்ட பொருள். ஒரு மாதிரி: காலை 9.10-க்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது. இரண்டு நாளாகப் பதில் இல்லை. இடப்பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். 'வேண்டுமென்றே அலட்சியம் செய்கிறார்' என்பது வலப்பக்கம். 'படித்துவிட்டு, யோசித்துப் பதில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு மறந்திருப்பார்' என்பதும் வலப்பக்கம்தான்.

ஆறாம் வாரப் பாடத்தின் உயிர் இங்கே இருக்கிறது. சந்தேகத்துக்கும் அன்புக்கும் தெரிந்த விவரம் ஒன்றே. அன்பு குறைவாகத் தெரிந்துகொண்டு ஏமாறுவதில்லை. சந்தேகப்படுகிறவனுக்குத் தெரிந்த எல்லாமே அதற்கும் தெரியும். இடப்பக்கம் இரண்டு பக்கமும் சாயக்கூடிய நிலையில் நிற்கிறது. எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தேர்ந்தெடுப்பவர் நீங்கள். அந்தத் தேர்வில் வெளிப்படுவது அவர் யார் என்பதல்ல, நீங்கள் யார் என்பது.

வலப்பக்கத்தில் நல்ல பொருள் ஒன்றையாவது எழுதாமல் நோட்டை மூடக் கூடாது. பிறகு அந்த நல்ல பொருளுக்கு ஏற்றபடி அடுத்த செயலைச் செய்யுங்கள்: 'அன்றைக்குக் கேட்டிருந்தேனே, நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள்' என்று ஒரு வரி. 'பார்த்தும் பதில் போடவில்லையே' என்று போட்டால் நீங்கள் சாய்ந்துவிட்ட பக்கம் அவருக்குத் தெரிந்துவிடும்.

அன்பு 'சகலத்தையும் விசுவாசிக்கும்' (1 கொரிந்தியர் 13:7) என்பதை எழுத்தில்லாமல் கடன் கொடுப்பது என்று எடுத்துக்கொண்டு சங்கடப்படுகிறவர்கள் உண்டு. பத்திரம் எழுதி வாங்குவது அவநம்பிக்கை அல்ல. அது இடப்பக்கத்து வேலை. ஏமாற்றப்பட்டால் பணம் போகலாம். அதற்காக நேசிப்பதையே நிறுத்திவிடுகிறவன்தான் உண்மையில் இழக்கிறான் என்பது கீர்க்கெகார்ட் சொல்லும் கணக்கு.

8. ஏழாம் வாரம்: மூடுதலின் மூன்று வழிகள்

"அன்பு திரளான பாவங்களை மூடும்" (1 பேதுரு 4:8). கண்ணில் பட்டுவிட்ட குற்றத்தை மூட மூன்று வழிகள் சொல்கிறார்: மௌனம், தணிவான விளக்கம், மன்னிப்பு. இந்த வரிசையிலேயே பழகுங்கள். மன்னிப்பில் நேரே குதிப்பவர்கள், ஊர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகு மன்னிக்கிறார்கள்; அதற்குள் மூட எதுவும் மிச்சமிருப்பதில்லை.

மௌனத்துக்குச் சபைகளில் மிகப் பெரிய ஆபத்து, ஜெப விண்ணப்பத்தின் உருவில் வரும் வம்பு. 'அவங்க வீட்ல ஒரு பிரச்சனை, ஜெபத்துல வச்சுக்கோங்க' என்று தொடங்கி விவரம் முழுவதையும் கொட்டுவது. ஒருவருக்காக ஜெபிக்கப் பெயர் போதும்.

தணிவான விளக்கம் என்றால் பொய் அல்ல. 7-ஆம் பகுதியில் வலப்பக்கத்தில் எழுதிப் பழகியதை இப்போது அவரைப் பற்றிப் பேச்சு வரும்போது வாயால் சொல்வது. ஐந்தாம் ஆறாம் வாரங்களை ஒழுங்காகச் செய்தவருக்கு இது தானாக வரும். மன்னிப்பு கடைசி.

எல்லை: குற்றத்தைக் கண்டுபிடிப்பது அரசு நியமித்த நீதிபதியின் வேலை, நீதிக்குப் பணிசெய்கிறவரின் வேலை என்று அதே அத்தியாயத்தில் அவரே ஒதுக்கிவைக்கிறார். சபைப் பணத்தைக் கையாடுவதையோ பிள்ளைகளிடம் தவறாக நடப்பதையோ மறைக்க இந்த வசனத்தை எடுப்பது இரட்டைப் பாவம். வசனம் அடக்கச் சொல்வது, சொல்லிப் பார்க்கத் துடிக்கும் நம் நாக்கின் ருசியை.

9. எட்டாம் வாரம்: நோட்டை மூடிவையுங்கள்

இதற்குள் உங்கள் கையில் ஐம்பது வரியாவது சேர்ந்திருக்கும். 'இவ்வளவு செய்தேனே, அவர் ஒரு வார்த்தை...' என்ற கணக்கும் சேர்ந்திருக்கும். "ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனேயல்லாமல், மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்" (ரோமர் 13:8) என்ற வசனத்தின் அத்தியாயத்தை இதுவரை தள்ளிவைத்ததற்குக் காரணம் அதுதான். கணக்கு வந்த பிறகே இந்த மருந்து பிடிக்கும்.

கொடுக்கக் கொடுக்கக் கடன் தீரும் என்பது பணத்தின் விதி. நேசிக்கிறவன் நேசிப்பதனாலேயே கடன்படுகிறான் என்பது கீர்க்கெகார்டின் விதி. மீனுக்குத் தண்ணீர்போல அன்புக்கு எல்லையின்மை. பறக்கும் அம்பு எவ்வளவு தூரம் வந்தோம் என்று தன்னைப் பார்த்துக்கொள்ள நின்றால் அந்தக் கணமே கீழே விழும்.

ஆகவே இந்த வாரம் எழுதுவதை நிறுத்துங்கள். காலைச் செயல் மட்டும் தொடரட்டும்.

10. ஒன்பதாம் வாரம்: ஒப்புரவாகுதல்

உங்களுக்கும் அவருக்கும் இடையே உண்மையாகவே ஏதாவது முறிந்திருந்தால் மட்டும் இந்தப் படி. தீமையை நன்மையால் வெல்வது முதல் வெற்றி. வெல்லப்பட்டவர் அவமானப்படாமல் அவரையும் தன்வசமாக்குவது இரண்டாவது. முதலாவதோடு நின்றுவிட்டால் 'நான் எவ்வளவு பெருந்தன்மையாக இருந்தேன்' என்ற பாரத்தை அவர் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

மத்தேயு 5:23-24 சொல்லும் வழி, காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டுப் போய்ச் சேர்வது. கீர்க்கெகார்ட் காட்டும் விதத்தில், அநியாயம் செய்யப்பட்டவரே தேடிப் போகிறார். அதுவும் ஒப்புரவு தனக்குத்தான் தேவை என்பதுபோல.

எதிரெதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள் அல்லது சேர்ந்து நடங்கள். உற்றுப் பார்க்கும் கண் விசாரணையின் கண். பழைய சம்பவத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டாம். 'நீங்களும் ஒத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்க வேண்டாம். 'நமக்குள்ளே இப்படி இருப்பது எனக்குத் தாங்கவில்லை' என்ற அளவு போதும். முடிந்தால் இருவரும் சேர்ந்து ஒரு சிறு ஜெபம். கடவுள் முன் இருவரும் தலைகுனிந்தால், யாரும் யாரையும் மேலிருந்து பார்க்க முடியாது.

அவர் ஏற்காமல் போகலாம். மறுநாள் காலைச் செயலோடு தொடருங்கள். ஏற்கும்வரை துரத்த வேண்டாம்.

11. பத்தாம் வாரம்: சோதனை

இறந்த ஒருவரை நினைப்பதே மிகவும் தன்னலமற்ற, சுதந்திரமான, உண்மையுள்ள அன்பு என்று அந்த அத்தியாயம் காட்டுகிறது. இறந்தவரால் திருப்பித் தர முடியாது, வற்புறுத்த முடியாது. அவர் மாறவும் மாட்டார். உறவு மாறினால் மாறியது நீங்கள்தான்.

உங்களுக்கு நெருக்கமாயிருந்து இறந்த ஒருவரை நாளுக்குப் பத்து நிமிடம், ஏழு நாள், புகைப்படம் இல்லாமல் நினையுங்கள். எத்தனையாவது நாளில் மனம் நழுவுகிறது என்று பாருங்கள். உயிரோடிருப்பவரிடம் காட்டிய அன்பில் எவ்வளவு பதிலை நம்பி நின்றது என்று அங்கே தெரியும். ஏழு நாளும் நழுவினால் இரண்டாம் வாரத்துக்குத் திரும்புங்கள்.

12. அடுத்த சுற்று

எல்லாம் மனதுக்குள்ளேயே நடந்துவிடுகிறது என்ற குறை இந்த நூலின்மேல் நெடுநாளாக உண்டு. ஜெர்மன் தத்துவ அறிஞர் அடோர்னோவும் அப்படித்தான் குறைகூறினார். குறையில் உண்மை இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாதவனும் இரக்கமுள்ளவனாக இருக்க முடியும் என்று கீர்க்கெகார்ட் வாதாடுவது ஏழையின் மதிப்பைக் காக்க. கையில் இருப்பவர் அதைக் காட்டித் தப்பிக்கக் கூடாது. ஆகவே இரண்டாம் சுற்றில் காசு செலவாகக் கூடாது என்ற விதியை எடுத்துவிடுங்கள்.

இந்த முறை உங்களுக்கு மிகவும் பிரியமானவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதற்பகுதியின் 3-ஆ-வை அதற்காக விட்டுவைத்திருக்கிறோம். மனைவி முதலில் உனக்குப் பிறன், மனைவி என்பது அதற்குள் வரும் நெருக்கமான வரையறை என்று அங்கே எழுதுகிறார். அடுத்த வீட்டுக்காரர் பேசும்போது போனைக் கவிழ்த்து வைக்கப் பழகியவர், சாப்பாட்டு மேசையில் எதிரே இருப்பவர் பேசும்போதும் கவிழ்த்து வைக்கிறாரா? முதல் வாரத்தின் நோட்டுக் குறிப்பை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.